மண் படித்தவளுக்குச் செயற்கைக்கோள் எதற்கு?

வேளாண்மை மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், முதுகலையில் தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தை ஆராயும் துறை) எடுத்து விளைநிலங்களின் மண் சீரழிவை ஆராயப் போவதாகச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். மண் படித்தவளுக்குக் கம்ப்யூட்டர் முன் என்ன வேலை, நாளைக்கு அதையும் மென்பொருளே செய்துவிடாதா என்று இரண்டு கேள்விகள். இரண்டாவதற்குப் பதில் கிடைத்தால் முதலாவதற்கும் கிடைத்துவிடும்.

படம் கிடைப்பது இப்போது ஒரு விஷயமே இல்லை. லேண்ட்சாட் என்ற செயற்கைக்கோள் வரிசை 1972 முதல் பூமியைப் படம் பிடிக்கிறது. 2008 முதல் அதை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 2015இல் ஏவத் தொடங்கிய சென்டினல்-2 வரிசை 10 மீட்டர் நுணுக்கத்தில் படம் தருகிறது. சிவப்பு, அகச்சிவப்பு அலைகளை வைத்துப் பயிரின் பசுமையைக் கணக்கிடுவதற்கு கூகுள் எர்த் எஞ்சின் என்ற இணையதளத்தில் நாலைந்து வரி நிரல் எழுதினால் போதும். இவ்வளவு மட்டும் தெரிந்தவரின் வேலை மென்பொருளிடம் போய்விடும் என்று நீங்கள் பயப்படுவது சரிதான்.

ஆனால் ஒரு வயலின் பசுமை ஐந்து வருடமாகக் குறைகிறது என்று படம் சொன்னால், மண் கெட்டுவிட்டதாக எழுதிவிட முடியுமா? மழை குறைந்திருக்கலாம், பயிரை மாற்றியிருக்கலாம், தரிசாகப் போட்டிருக்கலாம். மண்ணையே நேராகப் பார்க்கலாம் என்றால், உழவுக்கும் பயிர் மூடுவதற்கும் இடையில் சில வாரங்கள்தான் அது வெளியே தெரியும். அப்போது மேகம் வந்தால் போச்சு. ரேடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், ஆனால் ஈரமும் உழவுச் சாலின் மேடுபள்ளமும் அதன் அளவீட்டில் கலந்துவிடும். ஒளிப்படத்துக்கோ மேல்தோல் மட்டுமே தெரியும். ஓர் அடிக்குக் கீழே இறுகிப்போன மண் அதில் வராது.

இன்னொன்று. மேலிருந்து பார்த்தால் உவர் நிலமும் (உப்பு மிகுந்தது) களர் நிலமும் (சோடியம் மிகுந்தது) பல நேரம் ஒரே மாதிரி, பயிர் பிடிக்காத திட்டுகளாகத் தெரியும். உவர் நிலத்துக்கு வடிகால் வெட்டி, நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும். களர் நிலத்துக்குப் பொதுவாக ஜிப்சம் போட வேண்டும். மாற்றிச் சொன்னால் விவசாயியின் பணம் போய்விடும். மண் மாதிரி எடுத்து, மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டுகிறதா (உவர்), கார அமிலத்தன்மை 8.5க்கு மேலா (களர்) என்று பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். படத்தில் எங்கே சந்தேகம் என்று குறித்து, அங்கே போய்த் தோண்டி, வந்து படத்தைத் திருத்துகிற ஆள் குறைவு. உங்கள் மகள் மூன்று வருடம் படித்த மண்ணியல் அந்த இடத்தில்தான் விலை போகும்.

அதனால் பைத்தான் நிரல் மொழி, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், புள்ளியியல் மூன்றையும் கற்கட்டும். புள்ளியியலைத் தட்டிக்கழிக்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஆய்வுத் தலைப்பில் களத்தில் மண் மாதிரி எடுப்பது கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கு விடாத வழிகாட்டியிடம் சேர வேண்டாம்.

வேலை என்று பார்த்தால் ஆராய்ச்சி நிலையங்கள், பயிர்க் காப்பீடு, பாசனத் திட்டங்கள், மண்ணில் சேரும் கார்பனைச் சரிபார்க்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. நிலச் சீரழிவின் அளவை நாடுகள் தெரிவிக்க ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 15.3.1 என்று ஒரு குறியீடே உண்டு. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: தொடக்கத்தில் பல வேலைகள் திட்டம் முடியும் வரைதான். உடனே நிரந்தர வேலை வேண்டும் என்றால் இது பொறுமையைச் சோதிக்கும்.

சேரும் முன் இந்த விடுமுறையில் ஒரு வேலை கொடுங்கள். அவளுக்குத் தெரிந்த ஒரு வயலின் பத்து வருடப் படங்களை எடுத்து, என்ன மாறியிருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதட்டும். அப்புறம் அந்த நிலத்துக்காரரிடம் போய் அதைப் படித்துக் காட்டட்டும். அவர் "இல்லையே" என்று சொல்லும் இடத்தில் அவளுக்கு எரிச்சல் வருகிறதா, ஆர்வம் வருகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.