நான்கு ஊருக்கு நான்கு டிக்கெட்

அன்புள்ள மேடம்,

பெங்களூரில் நெட்வொர்க் வேலை பார்த்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். எனக்கு தர்மபுரி பக்கம். பிஎஸ்சி கணிதம் முடித்துவிட்டு ஒரு வருடம் மாமாவோடு கடைகளுக்கு சிசிடிவி மாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதமாக பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பிஜியில் இருக்கிறேன். இங்கே ஒரு இன்ஸ்டிட்யூட்டில் 65,000 ரூபாய்க்கு ஆறு மாதத்தில் நான்கு சர்ட்டிபிகேஷன் என்கிறார்கள்: சிசிஎன்ஏ, ஏடபிள்யூஎஸ் கிளவுட் பிராக்டிஷனர், ஐஎஸ்டிக்யூபி, சிஐஎஸ்எஸ்பி. தேர்வுக் கட்டணம் தனி. டம்ப்ஸ் (தேர்வுக் கேள்விகளைத் திருடித் தொகுத்த விடைத்தாள்) தருவார்களாம். வேலைக்கு கேரண்டி, தேவைப்பட்டால் இரண்டு வருட அனுபவமும் ‘ஏற்பாடு’ செய்வார்களாம். அண்ணன் கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். எந்த வரிசையில் எழுதினால் சீக்கிரம் வேலை கிடைக்கும்?

எஸ்., பெங்களூரு

அன்புள்ள எஸ்.,

அந்த நான்கு பெயர்களையும் ஒன்றாகப் பார்த்ததும் எனக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகம் வந்தது. மைசூருக்கு ஒன்று, ஹூப்ளிக்கு ஒன்று, சேலத்துக்கு ஒன்று, திருப்பதிக்கு ஒன்று என்று நான்கு டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றால் அவர் எங்கே போகிறார் என்று நினைப்பது? சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ நெட்வொர்க் வேலைக்கு. ஐஎஸ்டிக்யூபி சாப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு. கிளவுட் பிராக்டிஷனர் என்பது, இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கம்ப்யூட்டர் வசதியான கிளவுட் பற்றி, 90 நிமிடத்தில் 65 கேள்விகளுக்கு விடை தேர்ந்தெடுக்கும் அறிமுகத் தேர்வு. கிளவுடை விற்கும் ஆட்கள்கூட எழுதுவார்கள். சிஐஎஸ்எஸ்பி கதை இன்னும் வேடிக்கை. அந்தத் தேர்வில் நீங்கள் தேறினாலும், கணினிப் பாதுகாப்புத் துறையில் 5 ஆண்டு சம்பளத்துக்கு வேலை பார்த்திருந்தால்தான் பெயருக்குப் பின்னால் அதைப் போட்டுக்கொள்ள முடியும். கம்ப்யூட்டர் சார்ந்த பட்டப்படிப்பு இருந்தால் ஓராண்டு சலுகை உண்டு, அவ்வளவுதான். முதல் வேலை தேடுகிறவருக்கு அதை விற்பவர், ஒன்று அந்த விதியைப் படிக்கவில்லை, அல்லது நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறார்.

சரி, உங்கள் கடிதத்தில் நீங்களே சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு வரிக்கு வருகிறேன். ஒரு வருடம் சிசிடிவி மாட்டியிருக்கிறீர்கள். நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி கேமராக்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். இரண்டு கேமராவுக்கு ஒரே ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) விழுந்து, ஒன்று வந்தால் ஒன்று போகிற தொல்லையைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் வீட்டிலிருந்து போனில் பார்க்க வேண்டும் என்று ரௌட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்துவிட்டிருப்பீர்கள். (அதன் ஆபத்தை இன்னொரு நாள் பேசலாம்.) பகலில் எல்லாக் கேமராவும் ஒழுங்காக ஓடும், இருட்டியதும் ஒன்றிரண்டு அணைந்து அணைந்து வரும். கேமராவை மாற்றிப் பார்ப்பார்கள், கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள். பல நேரம் கோளாறு, கேமரா கேபிள்களெல்லாம் வந்து சேரும் பெட்டியான சுவிட்சில் இருக்கும். கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் தரும் பிஓஇ சுவிட்ச், கேபிள் செருகும் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை கொடுக்கலாம் என்பது பழைய தரக் கணக்கு. ஆனால் மொத்தமாக இத்தனை வாட்தான் என்று சுவிட்சுக்கே ஒரு வரம்பு உண்டு. இரவில் கேமராக்கள் இருட்டில் பார்ப்பதற்கான ஐஆர் விளக்குகள் எல்லாம் சேர்ந்து எரிந்ததும் அந்த வரம்பு தாண்டிவிடும்.

இதைப் புரிந்து சரிசெய்த ஆள் நெட்வொர்க் வேலையில் பாதி நுழைந்துவிட்டவர். கேமராக்களையும் பில் போடும் கம்ப்யூட்டரையும் ஒரே சுவிட்சில் வைத்து, ஒன்றை ஒன்று பார்க்காமல் பிரிப்பதற்குத்தான் விலான். அதெல்லாம் சிசிஎன்ஏ பாடத்தில் இருக்கிறது. நீங்கள் செய்த வேலைக்குப் பாடம் பெயர் வைத்துக் கொடுக்கும். ஆகவே என் பதில் ஒரே தேர்வு, சிசிஎன்ஏ. மற்ற மூன்றையும் மறந்துவிடுங்கள்.

2020 பிப்ரவரியிலிருந்து சிசிஎன்ஏவுக்கு 200-301 என்ற ஒரே தேர்வுதான். 120 நிமிடம். கட்டணம் 300 டாலர். வரியோடு 30,000 ரூபாய் அளவுக்கு வரும். மூன்று ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். பயிற்சிக்கு ரௌட்டர் வாங்க வேண்டியதில்லை. நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பார்க்கும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். பழைய லேப்டாப்பிலும் ஓடும். தினம் இரண்டு மணி நேரம் அதில் நெட்வொர்க்கைக் கட்டுங்கள், அப்புறம் வேண்டுமென்றே உடைத்துவிட்டு எங்கே உடைந்தது என்று தேடுங்கள். ஐபி முகவரிகளைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் கணக்கான சப்நெட்டிங் பலரை ஓட வைக்கும். நீங்கள் கணிதம் படித்தவர், பயப்பட வேண்டியதில்லை. மாமாவோடு ஏதாவது ஒரு கடையில் நீங்கள் மாட்டியதை அப்படியே திரையில் வரைந்து பாருங்கள். கூட யாராவது உட்கார்ந்து சொல்லித்தந்தால்தான் ஓடும் என்றால், சிசிஎன்ஏவுக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.

சர்ட்டிபிகேட் வெறும் தாள் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 2001ல் விண்டோஸ் என்டி 4.0க்கான எம்சிஎஸ்இ என்ற மைக்ரோசாப்ட் சர்ட்டிபிகேட்டோடு இந்த ஊருக்கு வந்தேன். ஆறு தேர்வு எழுதி வாங்கியது. நான் வருவதற்குள் விண்டோஸ் 2000 வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. மனப்பாடம் செய்து தேறியவர்களை ‘பேப்பர் எம்சிஎஸ்இ’ என்று கேலி பேசுவார்கள். நானும் பாதி அந்த ரகம்தான். கப்பன் சாலையில் ஒரு சின்ன அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டதே அந்தத் தாளைப் பார்த்துத்தான். உள்ளே போனதும் ஒருவர் ஒரு துண்டு கேபிளையும் கனெக்டரையும் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவியையும் மேசையில் வைத்து, “போடும்மா” என்றார். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. ஊரில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஐம்பது அறுபது போட்ட கை. அன்றைக்கே வேலை கிடைத்தது.

டம்ப்ஸ் வேண்டாம். திருட்டுக் கேள்விகள் என்று கண்டுபிடித்தால் சர்ட்டிபிகேட்டையே ரத்து செய்வார்கள். போலி அனுபவம் அதைவிட மோசம். நிறுவனங்கள் பழைய வேலையைச் சரிபார்க்கும்போது பிஎஃப் கணக்கையும் பார்க்கின்றன. இரண்டு வருடம் வேலை பார்த்ததாகச் சொல்லிவிட்டு அதில் ஒரு மாதம்கூடக் காசு விழவில்லை என்றால் மாட்டிக்கொள்வது நீங்கள். இன்ஸ்டிட்யூட்காரர் போனை எடுக்க மாட்டார்.

முதல் வேலை பெரும்பாலும் எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ எல்1 சப்போர்ட்டாக (முதல் கட்டப் புகார்களைக் கவனிக்கும் வேலை) இருக்கும். இரவு ஷிப்ட், கான்ட்ராக்ட், நாள் முழுக்க டிக்கெட், அதாவது பதிவான புகார்கள். ஒரு வருடம் தாங்குங்கள். அப்புறம் ஆசை இருந்தால் ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் தேர்வான ஆர்ஹெச்சிஎஸ்ஏ பாருங்கள். அதில் விடை தேர்ந்தெடுக்கும் கேள்வியே கிடையாது. லினக்ஸ் இயந்திரத்தைக் கொடுத்து வேலை செய்யச் சொல்வார்கள். மறுபடி பூட் ஆன பிறகும் நீங்கள் செய்தது நிற்க வேண்டும். 300க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. அதற்குள் கட்டணத்தை நிறுவனமே திருப்பித் தரும் இடத்தில் இருந்தால் நல்லது.

அண்ணனிடம் கடன் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ரெஸ்யூமில் முதல் வரியாக சிசிடிவி வேலையை எழுதுங்கள்: எத்தனை கடை, எத்தனை கேமரா, என்ன சுவிட்ச், எதைச் சரிசெய்தீர்கள். ‘மாமாவுக்கு உதவி’ என்று எழுதாதீர்கள்.

எழுதியதை எனக்கும் அனுப்புங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மாமா மாட்டிய ஏதாவது ஒரு சுவிட்சின் அடியில் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறது, அதில் எத்தனை கேமரா தொங்குகிறது என்று பார்த்து அதையும் சேர்த்து எழுதுங்கள்.