வணிகக் கப்பலில் சென்சார் வைத்துக் கடல்நீரைக் கண்காணிக்க முடியுமா? வேலூரில் இன்ஸ்ட்ருமென்டேஷன் இறுதியாண்டு படிக்கிறேன், ப்ராஜெக்ட்டுக்கு எடுக்கலாமா?

தாராளமாக எடுங்கள். பால்டிக் கடலில் பயணிகள் கப்பல்களில் 1990களிலிருந்தே அளக்கிறார்கள். ஃபெர்ரிபாக்ஸ் என்று பெயர். "கடலே இல்லாத ஊரில் கடல் ப்ராஜெக்ட்டா?" என்று வைவாவில் கேட்பார்கள், கேட்கட்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கழிவுநீரில் டிடிஎஸ் (கரைந்த உப்பு) அளக்கும் ப்ரோப்போடு மல்லுக்கட்டுகிறவர்களின் தலைவலிதான் கப்பலிலும்: மீட்டர் நன்றாக இருக்கும், ப்ரோப்பில் அழுக்கு ஏறியிருக்கும்.

தண்ணீரை எங்கே எடுக்கிறீர்கள் என்பதுதான் முதல் சிக்கல். கப்பலின் அடியில் சீ செஸ்ட் என்ற நீர்த்தொட்டி இருக்கும். அதில் பாசி பிடிக்காமலிருக்க சில கப்பல்களில் குளோரின் விடுவார்கள். அதற்குப் பிறகு நீரை எடுத்தால் குளோரோஃபில் (கடல் நுண்பாசியின் பச்சை நிறமி) அளவை நம்ப முடியாது. என்ஜின் அறைக் குழாயில் நீர் சூடாவதால் தெர்மாமீட்டர் இரண்டு வேண்டும். கடல் வெப்பநிலைக்கு நீர் நுழையும் வாயில் ஒன்று, உப்புக் கணக்குக்கு கண்டக்டிவிட்டி (மின்கடத்தும் திறன்) அளக்கும் செல்லுக்குள் ஒன்று. ஒரு டிகிரி மாறினாலே கண்டக்டிவிட்டி சுமார் 2 சதவீதம் நகரும்.

நேரத்தையும் திருத்த வேண்டும். குழாய் 20 லிட்டர் பிடித்து, பம்ப் நிமிடத்துக்கு 10 லிட்டர் தள்ளினால் 2 நிமிடத் தாமதம். 15 நாட் (மணிக்கு சுமார் 28 கி.மீ.) வேகத்தில் அதற்குள் கப்பல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். ஜிபிஎஸ் இடத்தை அப்படியே ஒட்டினால் ஆற்று முகத்துவாரமே தள்ளிப்போகும்.

துறைமுகத்தை நெருங்கியதும் ஜிபிஎஸ்ஸை வைத்து பம்ப் தானாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சேறு ஏறும். நின்றதும் நீர்த்த அமிலத்தால் கழுவி, நல்ல தண்ணீர் விட வேண்டும். சென்சார் வாங்க டெண்டர் விடுகிறவர்கள் கழுவுகிற ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குவதில்லை. நம்மூர் கழிவுநீர் நிலையங்களிலும் இதே கதைதான், அதைப் பேசினால் பொழுது போய்விடும்.

ஆராய்ச்சிக் கப்பலே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இதில் கிடைப்பது மேல்நீர் மட்டும், அதுவும் கப்பல் போகிற வழியில் மட்டும். ஆழத்துக்கு எக்ஸ்பிடி என்ற, ஒருமுறை எறிந்தால் திரும்ப எடுக்காத வெப்பநிலைக் கருவி இருக்கிறது, சென்னை–போர்ட் பிளேர் தடத்தில் பல ஆண்டுகளாக எறிகிறார்கள். ஓடுகிற கப்பலிலிருந்து எறிந்தால், அளவைக் கப்பலுக்கு அனுப்பும் மெல்லிய செம்புக் கம்பி பிரிந்துகொண்டே போகும். டீப் ப்ளூ ரகம் சுமார் 760 மீட்டர் வரை இறங்கும். அதில் அழுத்த சென்சார் கிடையாது, விழுந்த நேரத்தை வைத்துத்தான் ஆழக் கணக்கு. கம்பி கப்பலில் உரசினால் வெப்பநிலைக் கோடு திடீரென்று துள்ளும், அதனால் காற்று மறைவான பக்கமாக எறிய வேண்டும்.

ப்ராஜெக்ட்டுக்குக் கப்பல் தேவையில்லை. 20 லிட்டர் டிரம்மில் 700 கிராம் உப்பு கரைத்து, சின்ன பம்ப்பில் சுற்ற விடுங்கள். மீன் தொட்டிக் காற்றுக்கல்லை உறிஞ்சு வாயருகே வையுங்கள், கண்டக்டிவிட்டி சரிந்து ஆடும். அலையடிக்கும்போது கப்பலிலும் இப்படித்தான் குமிழி புகும். இப்போது செல்லுக்கு முன்னால் ஒரு செங்குத்துக் குழாய் மாட்டுங்கள்: நீர் பக்கவாட்டில் நுழைய, காற்று மேலே வெளியேற, செல்லுக்கு அடியிலிருந்து போக வேண்டும். காற்றுக்கல்லை எடுத்த பிறகும் அளவு ஆடினால் பம்ப்பின் உறிஞ்சு பக்க ஜாயின்ட்டைப் பாருங்கள், அங்கேதான் காற்று இழுக்கும்.