முதலில் ஜிக், பிறகு நரம்பு
தூண்டில் கேள்வி-பதில்

கே: அமெரிக்காவின் மிசௌரி மாநில ஓசார்க்ஸ் ஏரியில் ஏப்ரல் முழுக்கக் கரையோரமே கிராப்பி மீன் கிடைத்தது. ஜூலையில் ஒன்றையும் காணோம். படகுத்துறைகளுக்கு அடியில் ‘ஷூட்’ செய்யச் சொல்கிறார்கள். சாதாரணமாக வீசினால் போதாதா?

ப: போதாது. தண்ணீர் 60 முதல் 68 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்போது முட்டையிடக் கரைக்கு வந்த மீன் அது. வெயில் ஏறியதும் ஆழமும் நிழலும் தேடிப் போய்விடும். அந்த ஏரியில் இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடம் மிதவைப் படகுத்துறைதான். ஆனால் தளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கும் சந்து பல துறைகளில் ஒரு முழம்கூட வராது. தலைக்கு மேலே ராடை, அதாவது தூண்டில் கம்பைச் சுழற்றி வீசினால் ஜிக் (ஈயத்தலை வைத்த தூண்டில் முள்) விளிம்பில் விழும், இல்லையென்றால் பலகையில் மோதும். வருகிறவர்கள் எல்லாரும் விளிம்பையே அடித்துவிட்டுப் போவதால் உள்ளே இருட்டில் நிற்கும் மீனை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அதை எட்டத்தான் ராடை உண்டிகோல் மாதிரி வளைத்து ஜிக்கைத் தண்ணீரோடு ஒட்டிப் பறக்க விடுகிறோம்.

கே: சாமான்கள் என்னென்ன, கை எப்படி வைக்க வேண்டும்? ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

ப: ஐந்து முதல் ஆறு அடிக்குள் ஸ்பின்னிங் ராட். நுனி வளைய வேண்டும், ஆனால் அடிப்பாகத்தில் முதுகெலும்பு இருக்க வேண்டும். முழுக்கத் தொளதொளவென்று வளைவது ஜிக்கைத் தள்ளாது. 1000 அளவு ரீல் போதும். ரீலின் உருளையான ஸ்பூலில் நரம்பு (தூண்டில் இழை) விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே வரை நிறைந்திருக்கட்டும். குறைந்தால் விளிம்பில் உரசித் தூரம் போகாது, மிஞ்சினால் கொத்தாகச் சிக்கு விழும். நரம்பு 4 அல்லது 6 பவுண்டு தாங்குவது, கண்ணில் படுகிற மஞ்சளோ பச்சையோ. ஜிக் 1/32 அவுன்ஸ், அதாவது கிட்டத்தட்ட 0.9 கிராம். காற்று அடித்தால், மீன் ஆழத்தில் நின்றால் 1/16. மேலே மாட்ட இரண்டு அங்குல ரப்பர் மீன். அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் தண்ணீரில் சில்லுபோலத் தத்தித் தத்தி உள்ளே போகும்.

இனி கை. ராட் வலக்கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜிக் ரீலுக்கு நேரே, அல்லது அதற்குச் சற்று மேலே ராடின் முதல் வளையத்துக்கு நேரே தொங்கும்படி நரம்பை விடுங்கள். பெயிலை (ரீலில் நரம்பைத் தடுக்கும் கம்பி வளைவை) திறந்து, நரம்பை வலது ஆள்காட்டி விரலில் பிடித்துக்கொள்ளுங்கள். இடக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஜிக்கின் ஈயத்தலையைப் பிடியுங்கள். முள்ளின் கூர் விரலுக்கு எதிர்ப்பக்கம், வெளியே பார்க்க வேண்டும். ரப்பரைப் பிடித்தால் இரண்டாவது இழுப்பிலேயே வால் கையோடு வந்துவிடும்.

படகில் மண்டியிடுங்கள் அல்லது உட்காருங்கள். ராட் நுனி தண்ணீருக்கு ஓர் அடி மேலே, துறைக்கு அடியில் இருக்கும் அந்தச் சந்துக்கு நேராக நீட்டியபடி இருக்கட்டும். ஜிக்கை உங்கள் இடுப்புப் பக்கம் இழுத்தால் நுனி கீழ்நோக்கி வில்லாக வளையும். இப்போது ஜிக்கை விடுங்கள். நுனி நிமிர்ந்து முன்னே பாயும் அந்த நொடியில் விரலில் இருக்கும் நரம்பையும் விடுங்கள். முதலில் ஜிக், பிறகு நரம்பு. இரண்டுக்கும் நடுவே கண் இமைக்கும் நேரம்தான். மணிக்கட்டைச் சுண்டவே கூடாது, ராட் தானே தள்ளும்.

கே: அப்படியே செய்தேன். பத்தில் எட்டு முறை ஜிக் படகுக்கு முன்னாலேயே தொப்பென்று விழுகிறது, இரண்டு முறை துறையின் பலகையில் மோதுகிறது.

ப: இரண்டும் வெவ்வேறு கோளாறு. முன்னால் விழுவது நரம்பைத் தாமதமாக விட்டதால்: ஜிக் பறந்து, இருக்கிற சின்ன நரம்பு தீர்ந்ததும் சுண்டித் திரும்புகிறது. பயந்துபோய் அடுத்த முறை சீக்கிரம் விட்டுவிடாதீர்கள். வில் நிமிர்வதற்கு முன்பே நரம்பு நழுவினால் உந்துதல் வீணாகி, ஜிக் காற்றில் அலைந்துகொண்டு போகும்.

பலகையில் மோதுவது, விடும்போது நுனி உயர்ந்துவிடுவதால். நின்றுகொண்டு செய்கிறவர்களுக்கு இது தீராத நோய். இடம், வலம் என்று விலகினால் ஜிக்கைப் பக்கவாட்டில் அதிகமாக இழுக்கிறீர்கள். இழுக்கும் கை, நுனி, சந்து மூன்றும் மேலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒரே கோட்டில் வர வேண்டும். முழுக்க ராடின் மேலேயே இழுத்தால் ஜிக் ராடிலேயே அடிக்கும், அதனால் ஒரு விரற்கடை விலக்கம் தேவை.

ஏரியில் பழகாதீர்கள். ஒரு ஜிக்கின் முள்ளைக் குறடால் வெட்டிவிட்டு, பத்தடி தள்ளி ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் கால்களுக்கு நடுவே அனுப்பிப் பாருங்கள். பத்துக்கு எட்டு போனதும் இருபது அடிக்குத் தள்ளுங்கள். நாற்காலிக்கு முள் குத்தாது, உங்கள் விரலுக்கும் குத்தாது.

கே: ஜிக் நன்றாக உள்ளே போகிறது. ஆனால் கடியே இல்லை.

ப: பல நேரம் கடித்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஜிக் தண்ணீரைத் தொட்டதும் பெயிலைக் கையால் மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடினால் தளர்ந்த நரம்பு வளையமாக ஏறி, அடுத்த ஷாட்டில் சிக்காக வெளியே வரும். தொய்வை மட்டும் எடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். ஜிக் ஊஞ்சல்போல வளைந்து உங்களை நோக்கி இறங்கும். கிராப்பி பெரும்பாலும் எடுப்பது அந்த இறக்கத்தில்தான். கையில் ஒன்றும் தெரியாது. மஞ்சள் நரம்பு தண்ணீரைத் தொடும் இடத்தைப் பாருங்கள். சின்னதாகத் துள்ளும், அல்லது பக்கவாட்டில் நகரும். அடியைத் தொடும் முன்பே இறங்காமல் நின்றாலும் அது மீன்தான்.

கிராப்பியின் கண் மேல்நோக்கி இருக்கிறது. தனக்கு மேலே வருவதை எழும்பி எடுக்கும், கீழே போனதைத் தேடி இறங்குவது அபூர்வம். ஆகவே ஒவ்வொரு இறக்கத்திலும் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். ஏழில் கடித்தால் அடுத்ததையும் ஏழுக்குச் சற்று முன்பே எதிர்பாருங்கள். உடனே சுற்றி இழுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

கடி தெரிந்ததும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். வாயோரம் காகிதம் மாதிரி மெல்லிசு, கிழிந்துவிடும். நுனியைத் தாழ்த்தியே வைத்துப் பக்கவாட்டில் இழுத்து, கம்பங்களுக்கு வெளியே கொண்டுவந்து வலையில் ஏந்துங்கள்.

கே: நூற்றுக்கணக்கில் துறைகள் இருக்கின்றன. எதில் தொடங்குவது?

ப: தளத்தில் தூண்டில் தாங்கிகள் பொருத்தியிருந்தால், தண்ணீரைப் பார்த்து விளக்கு வைத்திருந்தால், உரிமையாளர் மீன் பிடிக்கிறவர். அடியில் மரக்கிளைகளைப் போட்டு வைத்திருப்பார் என்று நம்பிப் போகலாம். உச்சி வெயில் நேரம் நல்லது. நிழல் சுருங்கும், மீனும் நெருங்கும். மேகமூட்டமான நாளில் மீன் சிதறிவிடும். பத்துப் பதினைந்தடி தள்ளிப் படகை நிறுத்தி, முன்னே இருக்கும் நிழலிலிருந்து தொடங்கி உள்ளே போங்கள். எடுத்த எடுப்பிலேயே கடைசி மூலைக்கு அனுப்பினால், அங்கே மாட்டிய மீன் மற்றவற்றைக் கலைத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு சந்துக்கு ஐந்தாறு ஷாட் போதும்.

ஜிக் கயிற்றிலோ கிளையிலோ மாட்டினால் ராடை வளைத்துப் பிடுங்காதீர்கள், ஈயம் நேராக முகத்துக்கு வரும். கண்ணாடி போட்டுக்கொண்டு, ராடை நேராக நீட்டி, மெதுவாக இழுங்கள். 6 பவுண்டு நரம்பில் 6-ஆம் எண் மெல்லிய கம்பி முள் பெரும்பாலும் நிமிர்ந்து வந்துவிடும். குறடால் மறுபடி வளைத்துக்கொள்ளலாம்.

கே: துறை தனியார் சொத்து. திட்டு வாங்குவேனா?

ப: ஆள் இருந்தால், யாராவது நீந்தினால் அடுத்த துறைக்குப் போய்விடுங்கள். நிறுத்தியிருக்கும் படகின் மேல் ஜிக் பட்டால் திட்டு நியாயம்தான். துறையில் படகைக் கட்டாதீர்கள். மின்கம்பி போகும் துறைகள் பல. தண்ணீரில் கசியும் மின்சாரம் ஆளைக் கொல்லும், எனவே சிக்கிய ஜிக்கை எடுக்கத் தண்ணீரில் இறங்கவே கூடாது. மாநில உரிமம் வேண்டும். மிசௌரியில் பொதுவாக ஒரு நாளைக்கு 30 கிராப்பி. ஓசார்க்ஸ் ஏரியில் 15, அதுவும் 9 அங்குலத்துக்குக் குறையாமல். விதிகள் மாறுவதுண்டு, அந்தந்த ஆண்டின் கையேட்டைப் பாருங்கள்.

கே: வெள்ளை கிராப்பியா, கறுப்பு கிராப்பியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ப: நிறத்தை நம்பாதீர்கள். முதுகுத் துடுப்பின் முன்புற முட்களை எண்ணுங்கள். ஐந்து, ஆறு என்றால் வெள்ளை. ஏழு, எட்டு என்றால் கறுப்பு. அந்த 15-இல் இரண்டும் சேர்த்துத்தான் கணக்கு.