பத்து நாள் ஊருக்குப் போகிறோம். டரான்டுலாவை என்ன செய்வது?

வளர்ப்புப் பிராணிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் கோத்தகிரியில் வசிக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகன், மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் வகையைச் சேர்ந்த பெண் டரான்டுலா (மயிரடர்ந்த பெரிய சிலந்தி) ஒன்றை மூன்று ஆண்டுகளாக வளர்த்து வருகிறான். மே மாதத்தில் இராமேஸ்வரம், திருச்செந்தூர் என்று பத்து நாள் காரில் சுற்றி வரத் திட்டமிட்டிருக்கிறோம். சிலந்தியைத் தனியே விட்டால் பட்டினி கிடக்கும், அதனால் உடன் கொண்டுபோக வேண்டும் என்று அவன் பிடிவாதமாக இருக்கிறான். அது வண்டியில் ஏறினால் நான் ஏற மாட்டேன் என்கிறார் என் மாமியார். என்ன செய்யலாம்?
– வாசகி ஒருவர், கோத்தகிரி

பதில்: உங்கள் மாமியாரின் பக்கமே நானும் நிற்கிறேன், காரணம் மட்டும் வேறு. நாயும் பூனையும் நம்மைப் பிரிந்தால் ஏங்கும், டரான்டுலா ஏங்காது. நல்ல நிலையில் உள்ள வளர்ந்த சிலந்தி ஒரு மாதம் இரையே இல்லாமல் இருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. சில நேரங்களில் கண்ணெதிரே இரை இருந்தும் மாதக்கணக்கில் அதைத் தொடாமல் இருக்கும். ஆகவே பத்து நாள் பட்டினி என்பது உங்கள் மகனின் கவலையே தவிர, சிலந்தியின் கவலை அன்று. அதற்கு வேண்டியவை தண்ணீர், அசையாத பெட்டி, ஓரளவு சீரான வெப்பம் ஆகிய மூன்றுமே. பயணத்தில் இந்த மூன்றுமே கெட்டுப்போகும்.

தண்ணீர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அதன் கால்களைப் பார்த்தால் போதும். சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு. ஆனால் முக்கியமான மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை இல்லை. உடலில் உள்ள திரவத்தை அழுத்தத்தோடு கால்களுக்குள் செலுத்தித்தான் அவற்றை நீட்டுகிறது. உடலில் நீர் வற்றினால் அந்த அழுத்தம் குறைந்து, எட்டுக் கால்களும் உள்ளங்கையை மூடியது போல வயிற்றுக்கு அடியில் சுருண்டுவிடும். வெயிலில் நிறுத்திய காரில் இந்நிலை விரைவாகவே வந்துவிடும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர்தான்; அதற்குள் 1,400 மீட்டருக்கும் அதிகமாக இறங்கிவிடுகிறோம். மே மாதத்தில் சமவெளியின் வெப்பம் நம்மையே திணறடிக்கும்போது, நீங்கள் கோயிலுக்குள் சென்று தரிசனம் முடித்து வரும் நேரத்தில் மூடிய காருக்குள் நிலைமை எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விடுதி அறைக்கு எடுத்துச் சென்றாலோ, அறையைச் சுத்தம் செய்ய வருபவர் மூடியைத் திறந்து பார்த்துக் கையிலிருந்து நழுவவிடும் ஆபத்து இருக்கிறது. மேசை உயரத்திலிருந்து விழுந்தாலே அதன் வயிற்றுத் தோல் கிழிந்துவிடலாம். அப்படிக் கிழிந்தால் பெரும்பாலும் பிழைக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. பயணத்தின் நடுவில் அது சட்டை உரிக்கத் தொடங்கினால் நீங்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை. உரிப்பதற்கு முன் இரையை மறுக்கும்; வயிற்றில் மயிர் உதிர்ந்து வழுக்கையான இடம் கறுத்துவரும். பிறகு மல்லாந்து படுத்துப் பல மணி நேரம் அசைந்தும் அசையாமலும் கிடந்து, பழைய தோலிலிருந்து ஒவ்வொரு காலாக உருவிக்கொள்ளும். அப்போது பெட்டி குலுங்கினால் கால் ஒடியலாம், முழுமையாக வெளியேற முடியாமலும் போகலாம். இந்த அறிகுறிகளில் ஏதேனும் இப்போதே தெரிந்தால், பயணம் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

வீட்டில் விட்டுச் செல்வதென்றால், கிளம்புவதற்கு நான்கைந்து நாள் முன்பு ஒரு முறை இரை கொடுங்கள். தின்னாமல் விட்ட சில்வண்டு ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. சட்டை உரித்துத் தளர்ந்து கிடக்கும் சிலந்தியைச் சில்வண்டு கடித்துத் தின்றுவிடும். மிச்சமான இரைத் துணுக்குகளையும் எடுத்துவிட்டால் எறும்பு வராது. கனமான, கவிழாத கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி, பெட்டியை ஜன்னல் வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெப்பத் தகடு பொருத்தியிருந்தால் அதன் மின் இணைப்பை எடுத்துவிடுங்கள். கோத்தகிரியின் மே மாதத்துக்கு அது தேவையில்லை, ஆளில்லாத வீட்டில் அது ஓடவும் வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்து, ஐந்தாம் நாள் ஒரு முறை வந்து மூடியைச் சற்றே விலக்கித் தண்ணீர் ஊற்றச் சொன்னால் போதும். அவரிடம் ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்: மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று பொருள் அன்று. எனக்கே இது நேர்ந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்துக்காக மதுரை சென்றிருந்தபோது, வீட்டைப் பார்த்துக்கொண்ட உறவினர், மல்லாந்து கிடந்த என் சிலந்தி செத்துவிட்டது என்று நம்பி, முறத்தில் அள்ளிக் கொல்லையில் உள்ள தேயிலைச் செடிகளுக்கு அடியில் போட்டுவிட்டார். நான் திரும்பி வந்து பார்த்தபோது உரித்த சட்டை மட்டும் கிடந்தது. சிலந்தியை எறும்பு இழுத்துப் போனதா, தவளை விழுங்கியதா என்பது இன்றுவரை தெரியவில்லை. அதன் பிறகு பெட்டியின் மேலேயே, "மல்லாந்து கிடந்தால் தொடாதீர்கள், உயிரோடுதான் இருக்கிறது" என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

கேள்வி: ஊட்டியில் ஒரு வங்கியில் பணிபுரிகிறேன். திருநெல்வேலிக்கு மாற்றல் வந்துவிட்டது. என்னிடம் ஒரு டரான்டுலா இருக்கிறது. அதை விட்டுச் செல்ல முடியாது. எப்படிக் கொண்டுபோவது?
– வாசகர் ஒருவர், உதகமண்டலம்

பதில்: சுற்றுலா வேறு, குடிபெயர்வது வேறு. உங்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் கண்ணாடித் தொட்டியோடு தூக்கிச் செல்லாதீர்கள். வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போது உள்ளே இருக்கும் மண்ணும், மரப்பட்டையும், தண்ணீர்க் கிண்ணமும் சிலந்தியின் மேல் சரியும். அது கால்களை நீட்டினால் சுவரைத் தொடும் அளவுக்குச் சிறிய, மூடி இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவே பாதுகாப்பானது. பெரிய டப்பாவில் அது உருண்டு அடிபடும் என்பதால், இங்கே இடநெருக்கடியே நல்லது. அடியிலும் பக்கங்களிலும் நனைத்துப் பிழிந்த டிஷ்யூ தாளைச் சுருட்டி வைத்து, பக்கத்தில் ஊசியால் சில துளைகள் இடுங்கள். துளையின் கூர்முனை வெளிப்பக்கம் இருக்கும்படி உள்ளிருந்து குத்துங்கள். டப்பாவை ஒரு துண்டில் சுற்றி, மீன் வாங்கப் பயன்படுத்தும் தெர்மகோல் பெட்டிக்குள் வைத்தால், மேலே உள்ள குளிரும் கீழே உள்ள வெயிலும் ஒரேயடியாக அதைத் தாக்காது. ஐஸ் போட வேண்டாம். முந்தைய ஒரு வாரம் இரை கொடுக்கவும் வேண்டாம். வயிறு உப்பியிருக்கும் சிலந்திக்குத்தான் அடிபட்டால் ஆபத்து அதிகம். சாமான்கள் ஏற்றும் லாரியில் அனுப்பாமல், நீங்கள் போகும் வண்டியிலேயே காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சென்றதும் சில வாரங்கள் இரையைத் தொடவில்லை என்றாலும் பதற வேண்டாம், தண்ணீரை மட்டும் கவனியுங்கள்.

உங்களிடம் உள்ளது எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. பிராக்கிபெல்மா பேரினத்தைச் சேர்ந்தவை, அதாவது முதல் கேள்வியில் உள்ள சிவப்பு முழங்கால் வகை போன்றவை, அருகி வரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் 2024-இல் வெளியான விதிகளின்படியும், இத்தகைய வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். முதல் கேள்வி கேட்ட சகோதரிக்கும் இது பொருந்தும். பதிவுச் சான்றின் நகலைப் பயணத்தின்போது கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை உங்களுடையது நம் நாட்டு மரவாழ் டரான்டுலாவான பொசிலோதீரியா என்றால், பெட்டி கட்டுவது பற்றிப் பேசுவதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்பதற்கு முதலில் விடை தேட வேண்டும். அந்தப் பேரினமும் 2019 முதல் சைட்ஸ் பட்டியலில் இருக்கிறது. காடு அழிவதாலும், காட்டிலிருந்து பிடித்து விற்பவர்களாலும் இவை அருகி வருகின்றன.

கேள்வி: கொடைக்கானலில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறேன். சென்ற மாதம் ஒரு குடும்பம் டப்பாவில் டரான்டுலாவோடு வந்து இறங்கியது. கடித்தால் உயிர் போய்விடுமா? இனிமேல் அனுமதிக்கலாமா?
– வாசகர் ஒருவர், கொடைக்கானல்

பதில்: உயிர் போகாது. டரான்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. ஆனால் இந்தியா, இலங்கை உள்ளிட்ட ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் வகைகள் கடித்தால் கடுமையான வலியும் தசைப்பிடிப்பும் நாள்கணக்கில் நீடிக்கலாம். அமெரிக்கக் கண்டத்து வகைகளில் பெரும்பாலானவை கடிப்பதைவிட வேறொன்றைச் செய்யும்: பயந்தால் பின்காலால் வயிற்றைத் தேய்த்து, முள்போன்ற நுண்மயிரைக் காற்றில் உதிர்த்துவிடும். அது தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டியிருக்கும்.

அனுமதிப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் மறுத்துவிடுவேன். அனுமதித்தால், அறைக்குள் டப்பாவைத் திறக்கக் கூடாது, காட்டுப் பக்கம் "உலாவ விட" எடுத்துச் செல்லக் கூடாது என்பதை முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுச் சிலந்தி ஒன்று சோலைக்காட்டில் தொலைந்துபோவது நம் மலைக்கு நல்லதன்று. அதேபோல், நடைப்பயிற்சிக்குப் போன விருந்தினர் வழியில் கண்ட பெரிய சிலந்தியை டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்தாலும், எடுத்த இடத்திலேயே விட்டுவரச் சொல்லுங்கள். நீலகிரியின் பெயரையே தாங்கிய ஹாப்லோகிளாஸ்டஸ் நில்கிரினஸ் என்னும் டரான்டுலா 1899-இலேயே அறிவியலில் விவரிக்கப்பட்டது. நம் மலைகளுக்கென்றே உரிய இத்தகைய சிலந்திகள் காட்டில்தான் இருக்க வேண்டும்.

விருந்தினர் அறையைக் காலி செய்த பிறகு, போர்வையையும் படுக்கை விரிப்பையும் அவற்றில் ஒட்டியிருக்கக்கூடிய அந்த நுண்மயிர் பறக்காதபடி, உங்கள் பணியாளர் வராந்தாவில் வைத்து உதறாமல், அப்படியே சுருட்டித் தண்ணீரில் போடச் சொல்லுங்கள்.