இருநூறு சொல்லுக்கு ஐந்து மாதமா? – சிறுவர் நூல் ஓவியரின் பதில்கள்

(பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்துத் தமிழ் வாசகர்கள் இம்முறை அனுப்பியிருந்த கேள்விகளுக்கு, அப்பகுதியிலேயே குடியிருந்து தமிழ், மலையாளச் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைந்துவரும் ஓவியர் ஒருவர் பதிலளிக்கிறார்.)

என் மனைவி சிறுவர் நூல்களுக்குப் படம் வரைகிறார். இப்போது கையில் இருக்கும் கதையில் இருநூறு சொற்கள்கூட இல்லை. ஆனாலும் அந்த 32 பக்கப் புத்தகத்துக்கு ஐந்து மாதம் வேண்டும் என்கிறார். வீட்டில் இருந்தபடி செய்யும் வேலைதானே, சமையலுக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் நடுவில் முடித்துவிட முடியாதா என்று என் தாயார் கேட்கிறார். உள்ளபடி சொன்னால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது.
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

சகோதரரே, சொற்கள் குறைவாக இருப்பதால்தான் நேரம் அதிகமாகிறது. "பாட்டி சந்தைக்குப் போனாள்" என்று எழுதியவர் மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்தப் பாட்டிக்கு எத்தனை வயது, பின்கொசுவம் வைத்துக் கட்டியிருக்கிறாளா, கால் தாங்கி நடக்கிறாளா, வழியில் வாய்க்கால் உண்டா, பை துணியா ஒயரா என்பதையெல்லாம் உங்கள் மனைவிதான் தீர்மானிக்க வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை, பெரியவர் வாசிக்கும்போது படத்தைத்தான் படிக்கிறது. ஐந்தாம் பக்கத்தில் உடைந்திருந்த படிக்கல் இருபத்தேழாம் பக்கத்தில் முழுதாக இருந்தால் முதலில் கண்டுபிடிப்பதும் அந்தக் குழந்தையே. கதையின் பாதியை எழுதுவது ஓவியர்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

32 பக்கம் என்ற கணக்கு அச்சகத்திலிருந்து வருகிறது. ஒரு பெரிய தாளை இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்தால் பதினாறு பக்கம் கொண்ட ஒரு ஃபாரம் கிடைக்கும். இரண்டு ஃபாரம் சேர்ந்தால் 32. தலைப்புப் பக்கத்துக்கும் பதிப்பு விவரத்துக்கும் போக, கதைக்கு எஞ்சுவது பெரும்பாலும் பன்னிரண்டு முதல் பதினான்கு விரிபக்கங்கள், அதாவது புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் பக்க இணைகள். எந்த வரி எந்த விரிபக்கத்தில் வர வேண்டும், பக்கத்தைப் புரட்டும் இடத்தில் எதை மறைத்துவைக்க வேண்டும் என்பதைத் தீப்பெட்டி அளவுச் சிறு கட்டங்களில் வரைந்து பார்ப்பது முதல் வேலை. பிறகு தாளை மடித்து ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம் செய்து, முகமோ கையோ நடுமடிப்பில் சிக்குகிறதா, எழுத்துக்கு இடம் போதுமா என்று சரிபார்க்க வேண்டும். அதற்குப் பின் பென்சில் படம், பதிப்பாசிரியரின் திருத்தம், மறுபடி பென்சில், அப்புறம்தான் வண்ணம்.

ஒரே புத்தகம் பல மொழிகளில் வருவது இன்னொரு சுமை. 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அம்புலிமாமா பின்னர் பல மொழிகளில் அதே படங்களோடு வெளிவந்ததை உங்கள் தாயார் அறிந்திருப்பார். இன்றும் பல மொழிப் பதிப்புகளில் மைக்கு ஒன்றாக உள்ள நான்கு வண்ணப் பிளேட்டுகளில் (அச்சுத் தகடுகளில்) மூன்றை அப்படியே வைத்துக்கொண்டு, கறுப்புப் பிளேட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றும் வழக்கம் உண்டு. அதனால் எழுத்து கறுப்பில்தான் இருக்க முடியும். அதன் பின்னணி வெளிறியிருக்க வேண்டும். ஆங்கிலத்தை விடத் தமிழும் மலையாளமும் நீளும் என்பதால் இடத்தைத் தாராளமாக விட வேண்டும். படத்துக்குள் கடைப் பலகை வந்தால் அதில் எழுத்து இருக்கக் கூடாது. எல்லைப்புறத்துப் பேருந்தில் இரண்டு மொழிப் பெயர்ப்பலகையைப் பார்த்து வளர்ந்த நமக்கு வெறும் பலகையோடு ஒரு பேருந்தை வரைவது கொஞ்சம் வருத்தமான காரியம்தான். நான் பெரும்பாலும் பலகைக்கு முன்னால் ஒரு மாமரக் கிளையை நீட்டிவிடுவேன்.

இனி வீட்டு விஷயம். இந்த வேலையின் எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே விதமான கவனம் தேவையில்லை. பட்டையாக வண்ணம் நிரப்புவது, ஸ்கேன் செய்து தூசு நீக்குவது போன்றவற்றைக் குக்கர் விசில் கேட்டு எழுந்துபோய்விட்டு வந்து தொடரலாம். பக்கங்களைத் திட்டமிடும் வாரங்களிலும் பாத்திரங்களின் முகம் பிடிபடும் வரையிலும் அப்படி முடியாது. கால்மணி நேரத் துண்டுகளாக நாள் முழுவதும் கிடைத்தாலும் அது இரண்டு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்ததற்கு ஈடாகாது. எனவே மனைவியிடம், இந்த மாதம் எந்தக் கட்டம் என்று கேட்டு, திட்டமிடும் வாரங்களில் காலைச் சமையலையும் பள்ளிக்கு அனுப்புவதையும் நீங்கள் ஏற்றுக்கொள்வதுதான் முறை. அதை உதவி என்று பெயர் சூட்டிச் செய்ய வேண்டாம். அலுவலகம் போகிறவர் புறப்படும் நேரத்தை யாரும் உதவி என்று சொல்வதில்லை. டம்மியை உங்கள் தாயாருக்குக் காட்டும்படி மனைவியிடம் சொல்லுங்கள். பின்கொசுவம் எந்தப் பக்கம் விழும் என்பதில் அவருக்குத் தெரிந்தது எங்களில் பலருக்குத் தெரியாது.

நான்கு வயது மகள் மேசையை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். "குழந்தைகளுக்கு வரைகிறவளுக்குக் குழந்தை தொந்தரவா?" என்று உறவினர்கள் சிரிக்கிறார்கள்.
– வாசகி, வேலந்தாவளம்

மருத்துவர் வீட்டுப் பிள்ளை அவருடைய சிகிச்சை அறையில் விளையாட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. சிரிக்கிறவர்களுக்கு இது போதும். உங்களுக்குச் சொல்ல வேண்டியது கூலிக் கணக்கைப் பற்றி. தொகை பேசும்போது தாள், வண்ணம், மின்சாரம் ஆகியவற்றைச் சேர்ப்பவர்கள்கூட, பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்கும் சம்பளத்தைச் சேர்ப்பதில்லை. அதுவும் அந்தப் புத்தகத்தின் செலவே. அதைத் தனித் தலைப்பாகக் காட்ட வேண்டாம், மொத்தத் தொகையைக் கூட்டிக் கேளுங்கள். மற்றபடி, பழைய புரூஃப் (அச்சு மாதிரி) தாள்களின் பின்பக்கம் மகளுக்குப் போகட்டும், அசல் தாள்கள் பூட்டுள்ள இழுப்பறைக்குப் போகட்டும்.

கணினித் திரையில் பளிச்சென்றிருந்த பச்சை, அச்சில் களிமண் நிறமாக வந்துவிட்டது. அச்சகத்தின் தவறா?
– வாசகர், வாளையாறு

பெரும்பாலும் இல்லை. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சகமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் காட்டுகிறது. ஒளிரும் பச்சையும் ஆழ்ந்த நீலமும் மையின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. தொடக்கத்திலேயே அச்சு வண்ண முறைக்கு மாற்றிவைத்துக்கொண்டு வரையுங்கள். வண்ண புரூஃப் பார்க்காமல் ஒப்புதல் தராதீர்கள்.

ஓவியக் கல்லூரியில் சேர ஆசைப்படும் மாணவி நான். எங்கள் ஊரில் மாந்தோப்பைத் தவிர ஒன்றுமில்லை. சிறுவர் நூல் ஓவியராக வேண்டுமென்றால் சென்னைக்கோ கொச்சிக்கோ போய்விட வேண்டுமா?
– வாசகி, முதலமடை

கல்லூரிக்காகப் போங்கள், 1850இல் தொடங்கிய சென்னைக் கவின்கலைக் கல்லூரியும் திருவனந்தபுரம் கவின்கலைக் கல்லூரியும் உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் உள்ளன. படித்த பின் எங்கே குடியிருப்பது என்பது வேறு கேள்வி. படங்கள் இப்போது இணையம் வழியே பதிப்பகத்துக்குப் போய்விடுகின்றன.

ஆனால் உங்கள் ஊரில் ஒன்றுமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கேரளத்தில் நடக்கும் கதை என்றதும் பதிப்பகங்கள் தென்னையும் காயலும் படகும் கேட்கும். நம் சித்தூர்ப் பக்கத்துக் குழந்தை பார்ப்பது வயல் வரப்பில் நிற்கும் பனையை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசி, காயப்போட்ட துணியைக் கொடியோடு இழுக்கும் காற்றை. தெற்கே சுவர் மாதிரி எழுந்து நிற்கும் மலையை. இந்தக் கேரளம் சிறுவர் நூல்களில் மிகக் குறைவாகவே வந்திருக்கிறது. அதை வரையத் தெரிந்தவர் அங்கேயே வளர்ந்தவராகத்தான் இருக்க முடியும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் வளர்ந்தவருக்கு அது சுலபம்.

இன்னொன்று, கோயில் திருவிழாக் காலத்தில் ஓர் இரவு தோல்பாவைக்கூத்துப் பாருங்கள். பாலக்காட்டுப் பகுதிப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில், மலையாளிகளான புலவர்கள் கம்பராமாயணப் பாடல்களைத் தமிழிலேயே பாடி விளக்கம் சொல்லி ஆட்டுகிறார்கள். ஓவியரின் கண் கவனிக்க வேண்டியது அந்தப் பாவைகளின் வெளிக்கோட்டை. முகத்தில் நிழலும் வண்ண நுணுக்கமும் இல்லாமல், திரையில் விழும் உருவத்தைக்கொண்டே இவர் இராமர், இவர் இராவணன் என்று தெரிந்துவிடும்; தோலில் குத்திய துளைகள் வழியே வரும் வெளிச்சமே நகையாகவும் ஆடையாகவும் ஆகும். நீங்கள் வரைந்த பாத்திரத்தை முழுக்கக் கறுப்பாக்கிப் பாருங்கள். அப்போதும் அடையாளம் தெரியவில்லையென்றால் அந்த உருவம் இன்னும் முடியவில்லை.

பயிற்சிக்குக் கதை தேடி அலைய வேண்டாம். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் பல மொழிக் கதைகள் திறந்த உரிமத்தில் உள்ளன. ஒரு கதையை எடுத்து, அதன் படங்களைப் பார்க்காமல், உங்கள் ஊரில் நடப்பதாக வைத்து 16 பக்க டம்மி செய்யுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிப்பகத்துக்கு மொத்தத் தொகை பெற்றுக்கொண்டு படம் வரைந்தேன். எழுத்து மூலம் எதுவும் இல்லை. இப்போது அதே படங்கள் வேறொரு மொழிப் பதிப்பிலும் நாட்காட்டியிலும் என் பெயரில்லாமல் வந்துள்ளன. கேட்டால், "பணம் கொடுத்தாயிற்றே" என்கிறார்கள்.
– வாசகர், கோபாலபுரம்

இதில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. இரண்டையும் கலந்து பேசினால் அவர்களுக்குத்தான் வசதி.

முதலாவது பதிப்புரிமை. எழுத்தில் எதுவும் தராததால் எல்லாம் நம்மிடமே இருக்கிறது என்று ஓவியர்கள் பலர் நம்புகிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை: ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன்பேரில் வரையப்பட்ட ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே மௌனம் இங்கே உங்களுக்கு எதிராகவே பேசும். மின்னஞ்சலிலோ கடிதத்திலோ "இந்த நூலுக்கு மட்டும்" என்பது போல் ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடி, கிடைத்ததை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது பெயர். அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, பதிப்புரிமை கைமாறிய பிறகும் படைப்பு தன்னுடையது என்று சொல்லும் உரிமையையும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையையும் படைத்தவருக்குத் தருகிறது. எனவே நாட்காட்டிக்காகப் பணம் கேட்பது சிக்கலாக இருந்தாலும், பெயரைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். எழுத்தாளர் பெயர் அட்டையில் இருக்கும் புத்தகத்தில் ஓவியர் பெயரும் அட்டையிலேயே இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். உள்பக்கத்துப் பொடி எழுத்தில் போட்டுவிட்டோம் என்பதை நான் பதிலாக ஏற்பதில்லை.

அடுத்த புத்தகத்துக்கு, பென்சிலைத் தொடும் முன்பே ஒரு பக்க ஒப்பந்தம் கேளுங்கள். பதிப்புரிமை ஓவியருடையது என்றும், பதிப்பகத்துக்குத் தரப்படுவது இன்னின்ன மொழிகளில், இத்தனை ஆண்டுகளுக்கு அச்சிடும் உரிமம் மட்டுமே என்றும், நாட்காட்டி, பொம்மை, அசைவுப்படம் ஆகியவற்றுக்குத் தனியே பேச வேண்டும் என்றும் அதில் இருக்கட்டும். உரிமையை எழுதிக்கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும் காலத்தையும் இடத்தையும் குறிப்பிடச் சொல்லுங்கள். குறிப்பிடாவிட்டால் 19ஆம் பிரிவின்படி காலம் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் இந்தியா என்றும் கொள்ளப்படும். தாளில் வரைபவராக இருந்தால், ஸ்கேன் முடிந்ததும் அசல் படங்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியையும், அஞ்சல் செலவு யாருடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.