சர்வீஸ் எஸ்டிமேட் இரண்டு மடங்கா? கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்

கேள்வி: கார் வாங்கி நாலரை வருடம் ஆகிறது. 46,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரன்டி முடிந்துவிட்டது. இதுவரை எல்லா சர்வீஸையும் கம்பெனியின் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில்தான் செய்தேன். இந்த முறை அவர்கள் கொடுத்த எஸ்டிமேட், போன வருட பில்லைப் போல இரண்டு மடங்கு. இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், பிரேக் கிளீனிங், முன் பிரேக் பேட், பிரேக் ஆயில் என்று பட்டியல் நீள்கிறது. "இப்போது செய்யாவிட்டால் பின்னால் பெரிய செலவு வைக்கும்" என்கிறார்கள். இதெல்லாம் தேவைதானா? பேசாமல் வெளி மெக்கானிக்கிடம் போய்விடலாமா?

பதில்: முதலில், அந்த எஸ்டிமேட்டில் இன்னும் கையெழுத்துப் போடாதீர்கள். காரின் ஓனர் மேனுவலை எடுத்து, பின்பக்கம் இருக்கும் பராமரிப்பு அட்டவணையைத் திறந்து வையுங்கள். எத்தனை கி.மீ. அல்லது எத்தனை மாதத்துக்கு எதை மாற்ற வேண்டும், எதைப் பார்த்தால் மட்டும் போதும் என்று காரைச் செய்தவர்களே அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். எஸ்டிமேட்டை அதன் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டாலே பாதி விஷயம் தெளிந்துவிடும்.

அந்த மேஜைக்கு அந்தப் பக்கம், சர்வீஸ் அட்வைசராகப் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று ஓரளவு சொல்ல முடியும்.

பிரேக் ஆயிலில் இருந்து தொடங்குகிறேன். பார்வைக்குச் சின்ன விஷயம், பலர் முதலில் அடித்துவிடுவதும் இதைத்தான். ஆனால் உங்கள் பட்டியலில் நியாயமான வரி இது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அதே விதி கேட்பது 155 டிகிரிதான். மலைச்சாலையில் தொடர்ந்து பிரேக் மிதித்து இறங்கும்போது பிரேக் சூடேறும், ஆயில் கொதித்துக் குமிழி கட்டும், பெடல் கால் கீழே பஞ்சு போல இறங்கிவிடும். பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். பழைய பில்களைப் புரட்டிப் பாருங்கள். கடைசியாக மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். போன வருடம்தான் மாற்றினார்கள் என்றால் அந்த பில்லைக் காட்டி வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்து பிரேக் பேட். இதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது? புது பேடில் உராயும் பகுதி சுமார் 10 முதல் 12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. வாக்கில் வந்தால் மாற்றுவது வழக்கம். உங்கள் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. "பாதி தேய்ந்துவிட்டது சார்" என்பது மாற்றுவதற்குக் காரணம் ஆகாது, மீதிப் பாதிக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தீர்கள். போன் டார்ச்சை அடித்து சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே பாருங்கள். பளபளக்கும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்திருப்பது பேட். அதில் இரும்புத் தகடு ஒன்று, அதன் மேல் கறுப்பாக ஒட்டியிருக்கும் பகுதி ஒன்று. அந்தக் கறுப்புப் பகுதியின் தடிமன்தான் நமக்கு வேண்டியது. வெளிப்பக்க பேட் மட்டுமே இப்படிக் கண்ணில் படும். உள்பக்க பேட் சில நேரம் வேகமாகத் தேயும். அதனால் சக்கரத்தைக் கழற்றும்போது இரண்டு பக்கமும் அளந்து, "முன் இடது உள் 6, வெளி 7" என்கிற மாதிரி, செய்யும் வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். 6 என்றால் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம். 3 என்றால் அவர்கள் சொல்வது சரி, மாற்றிவிடுங்கள்.

சரி, "பிரேக் கிளீனிங்" என்ற தனி வரிக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை நியாயம் நழுவுகிற இடம் இதுதான். பேட் மாற்ற வேண்டுமென்றால் சக்கரத்தைக் கழற்றி, பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரைத் திறந்து, பழைய பேடை எடுத்து, தூசியைத் துடைத்து, கேலிப்பர் நகரும் பின்களுக்கு கிரீஸ் போட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். முன்பக்க கிளீனிங் அந்த வேலைக்குள்ளேயே அடக்கம். என் அக்காவின் கார் பில்லை ஒருமுறை பார்த்தேன். டயர் இடம் மாற்றியதற்கு ஒரு லேபர் (கூலி), பிரேக் கிளீனிங்குக்கு ஒரு லேபர், முன் பேட் மாற்றியதற்கு ஒரு லேபர். மூன்றுக்கும் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் நேரம் தனித்தனியாகச் சேர்ந்திருந்தது. முன் சக்கரம் கழன்றது ஒரே ஒரு தடவைதான். மேனேஜரிடம் பில்லை வைத்து, ஒவ்வொரு வரியாகத் தொட்டு, "இதற்குத் தனியாக எதைக் கழற்றினீர்கள்?" என்று கேட்டோம். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. கிளீனிங் வரியை எடுத்துவிட்டு, டயர் லேபரையும் குறைத்தார். கேட்காமல் விட்டிருந்தால் அப்படியே போயிருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்றால், ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கம்பெனி ஒரு பட்டியல் போட்டிருக்கும். அந்த நேரத்தை ஒர்க்‌ஷாப்பின் மணிக்கட்டணத்தால் பெருக்கினால் வருவதுதான் லேபர். ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தால், கைதேர்ந்தவர் நாற்பது நிமிடத்தில் முடித்தாலும் ஒரு மணிக்குத்தான் பில், போல்ட் இறுகிப்போய் ஒன்றரை மணி இழுத்தாலும் அதே பில். இந்த முறையில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. வாடிக்கையாளருக்குத் தொகை முன்கூட்டியே தெரிகிறது. ஆனால் இரண்டு மூன்று வேலைகள் ஒரே பிரித்தலில் நடக்கும்போது பொதுவான நேரத்தைக் கழிக்க வேண்டும். அதைக் கழிக்காமல் விடுவதுதான் தவறு.

இன்ஜின் ஃப்ளஷ், அதாவது ஆயில் மாற்றும் முன் ஒரு திரவத்தை ஊற்றி இன்ஜினின் உள்பக்கத்தைக் கழுவுவது பற்றிப் பேசும்போது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. 9,000 கி.மீ. மட்டுமே ஓடிய காருக்கு நானே அதை எழுதியிருக்கிறேன். காலையில் வேலை தொடங்கும் முன்பே, இன்று எத்தனை காருக்கு இந்த மாதிரி கூடுதல் வேலைகளை ஏற்ற வேண்டும் என்று எங்களுக்கு ஒரு எண் கொடுப்பார்கள். வந்தவர் வயதானவர், நம்பிக்கையாகத் தலையாட்டினார், எழுதிவிட்டேன். இன்ஜின் ஆயிலிலேயே அழுக்கைக் கரைத்து வைத்திருக்கும் வேதிப்பொருட்கள் உண்டு. சரியான கிரேடு ஆயிலைச் சரியான காலத்தில் மாற்றி வந்த இன்ஜினுக்கு ஃப்ளஷ் தேவைப்படாது. பல கம்பெனிகளின் அட்டவணையில் அந்த வேலையே கிடையாது. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். லேசான பழுப்புப் படலம் இருந்தால் சாதாரணம். தார் போலக் கெட்டியாக அப்பியிருந்தால் அது வேறு கதை, அதற்கு ஃப்ளஷ் பாட்டில் மருந்தாகாது, ஏன் அப்படி ஆனது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கிளீனிங்கும் அப்படித்தான். கார் நிற்கும்போது இன்ஜின் துடித்துத் துடித்து ஓடுகிறதா, ஸ்டார்ட் ஆகத் தடுமாறுகிறதா, மைலேஜ் இறங்கிவிட்டதா? எதுவும் இல்லையென்றால் இப்போது வேண்டாம்.

ஏசி கிருமிநீக்கம்: ஏசி போட்டதும் புழுங்கிய வாடை வந்தால் மட்டும் யோசியுங்கள். அதற்கு முன்னால் ஏசி ஃபில்டரைப் பாருங்கள். நிறைய கார்களில் அது டேஷ்போர்டின் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பெட்டியைத் திறந்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்நோக்கி அழுத்தினால் அது முழுவதுமாகக் கீழே சாயும். உள்ளே செவ்வக மூடி ஒன்று. கிளிப்பை விடுவித்து இழுத்தால் விசிறிமடிப்பு போட்ட காகித ஃபில்டர் வெளியே வரும், கூடவே இரண்டு சருகும் கொஞ்சம் தூசியும் மடியில் விழும். புது ஃபில்டரில் காற்று போகும் திசைக்கு ஒரு அம்புக்குறி இருக்கும், பழையதில் அது எந்தப் பக்கம் பார்த்ததோ அதே பக்கம் வைத்து மூடுங்கள். ஐந்து நிமிட வேலை, ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். இதற்குச் சில இடங்களில் ஃபில்டர் விலைக்குச் சமமாக லேபரும் போடுகிறார்கள்.

இவ்வளவு சொன்னதால் கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றாலே ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே மணிக்கட்டணம் அதிகமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மாடலுக்கான தனிக் கருவிகள், கம்பெனியின் ஸ்கேனர் மென்பொருள், மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி, கம்பெனி சொன்ன அளவில் கட்டிய கட்டடம் எல்லாம் அதில் அடங்கும். புது கார் விற்பதில் டீலருக்கு மிஞ்சும் லாபம் சின்னது. அதனால் வாடகை, சம்பளம் என்று நிலையான செலவில் பெரும்பங்கைச் சர்வீஸும் ஸ்பேரும்தான் சுமக்கின்றன. அட்வைசர் மேல் அந்த அழுத்தம் விழுவதும் இதனால்தான். மணிக்கட்டணம் அதிகம் என்று சண்டை போடுவதில் பலன் இல்லை. எத்தனை மணி போட்டிருக்கிறார்கள், எந்த வேலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள், அங்கேதான் பில் இறங்கும்.

இனி, வெளி மெக்கானிக்கிடம் போகலாமா என்ற கேள்வி. வாரன்டி முடிந்த காருக்கு ஆயில், ஃபில்டர், பிரேக், பேட்டரி, டயர் வேலைகளைத் தாராளமாக வெளியே செய்யலாம். ஸ்பேர் பற்றியும் பயம் வேண்டாம். கார் கம்பெனிகள் ஃபில்டரையும் பேடையும் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. பாஷ், மாலே, மான் போன்ற நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்கும் கொடுக்கின்றன, தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கின்றன. போலிச் சரக்குதான் ஆபத்து. தெரிந்த கடையில், பில்லோடு வாங்குங்கள்.

வாரன்டி இருக்கும் காருக்கே வெளியே செய்யக்கூடாது என்று மிரட்டுவதைச் சட்டம் பல இடங்களில் ஏற்பதில்லை. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மாக்னசன்-மாஸ் வாரன்டி சட்டம் அதைத் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010 விதிகளும் அதே திசையில் போகின்றன. இந்தியாவில் 2014-ல் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு எதிரான உத்தரவில், வெளியில் ரிப்பேர் செய்தார் என்பதற்காகவே வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால் நீங்கள் தனியாகக் காசு கட்டி நீட்டித்த வாரன்டி வாங்கியிருந்தால் அதன் ஒப்பந்தத்தைத் தனியாகப் படியுங்கள். எங்கே சர்வீஸ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கலாம்.

கம்பெனியிலேயே தொடர்வதால் ஒரு லாபமும் உண்டு. வாரன்டி முடிந்து கொஞ்ச நாளிலேயே கியர்பாக்ஸ் போன்ற பெரிய பாகம் போய்விட்டால், சர்வீஸ் வரலாறு முழுவதும் தங்களிடமே இருக்கும் வாடிக்கையாளருக்குச் சில கம்பெனிகள் செலவில் ஒரு பங்கை ஏற்கின்றன. கட்டாயம் கிடையாது, ஆனால் கேட்கலாம். மென்பொருள் அப்டேட், ஏர்பேக், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஹைபிரிட் மின்சாரப் பகுதி ஆகியவற்றுக்கு நான் கம்பெனி சென்டரையே சொல்வேன். தயாரிப்புக் குறையைச் சரிசெய்யக் கம்பெனியே காரைத் திரும்ப அழைக்கும் ரீகால் வந்திருந்தால் அந்த வேலையை அங்கே இலவசமாகவே செய்ய வேண்டும், நீங்கள் எங்கே சர்வீஸ் செய்தீர்கள் என்பது அதற்குப் பொருட்டல்ல.

வெளியே போவதென்றால் கி.மீ., தேதி, ஆயில் கிரேடு, ஸ்பேர் நம்பர் எல்லாம் எழுதிய பில் தருகிற மெக்கானிக்கைத் தேடுங்கள். காரை விற்கும் நாளில் அந்த ஃபைல்தான் பேசும்.

கம்பெனி சென்டரிலேயே தொடர்ந்தால், எஸ்டிமேட்டை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: இந்த கி.மீ.க்கு மேனுவல் சொல்வது எது, தேய்ந்துபோனதால் மாற்றுவது எது, அவர்களாகப் பரிந்துரைப்பது எது. மூன்றாவதில் உள்ளதை நீங்கள் ஒப்புக்கொண்டால் மட்டும் சேர்க்கட்டும். "கூடுதல் வேலை எதுவானாலும் போனில் கேட்ட பிறகே" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். மாற்றும் பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், வண்டி எடுக்கும்போது கேட்டால் குப்பைக்குப் போயிருக்கும். பழைய ஏர் ஃபில்டரின் ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து அனுப்புவது என் பழக்கம்.

ஆயில் கணக்கையும் பாருங்கள். மேனுவலில் 3.6 லிட்டர் என்று இருந்து பில்லில் 4 லிட்டர் கேன் போட்டிருந்தால், மிச்ச ஆயில் உங்களுடையது, கேனோடு வாங்கி வாருங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் செய்வது இதுதான். இன்ஜின் ஃப்ளஷையும் இன்ஜெக்டர் கிளீனிங்கையும் ஏசி கிருமிநீக்கத்தையும் அடித்துவிடுவேன். பேட் அளவு வந்த பிறகே அதற்குச் சம்மதம் சொல்வேன், மாற்றினால் முன்பக்க கிளீனிங்குக்குத் தனி லேபர் தரமாட்டேன். பிறகு மிஞ்சும் வேலைகளுக்கு, அதே ஆயில் கிரேடும் அதே தர பேடும் சொல்லி, நல்ல வெளி மெக்கானிக் ஒருவரிடமும் எஸ்டிமேட் வாங்குவேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதாக இருந்தால் இந்த முறை கம்பெனியிலேயே விடுங்கள், வாரன்டி முடிந்து அதிக நாள் ஆகாததால் அந்த வரலாறு இன்னும் ஒன்றிரண்டு வருடம் உதவும். பெரிதாக இருந்தால் வெளியே கொடுங்கள். எங்கே கொடுத்தாலும், பழைய பில்லில் பிரேக் ஆயில் மாற்றிய பதிவு இல்லையென்றால் இந்த வாரமே அதை மாற்றிவிடுங்கள்.