லேப் பற்றிக் கேட்ட கோத்தகிரித் தம்பிக்கு

தம்பி, இயற்கைப் புவியியல் எம்.எஸ்சி. படிக்க இங்கிலாந்து வருகிறேன், அங்கே லேப் எப்படி இருக்கும், ஊர் மண்ணைக் கொஞ்சம் கட்டி எடுத்து வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் நீலகிரிதான், கேத்தி ஊர், இங்கே வந்து பதினைந்து வருஷம் ஆகிறது.

மண்ணை எடுத்து வராதீர்கள். வெளிநாட்டு மண்ணைக் கொண்டுவர இங்கே முன்கூட்டியே உரிமம் வேண்டும், பெட்டியில் துணிக்கு நடுவே வைத்து வந்தால் பறிமுதல்தான். நீலகிரிச் சதுப்பு மண்ணில்தான் ஆய்வு என்றால் இப்போதே வழிகாட்டிக்கு எழுதுங்கள், இடம் காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனத்துறையிடமும் கேளுங்கள். அத்தனை அலைச்சலுக்கும் தகுந்த மண் அது. 1993-ல் ஆய்வாளர் சுகுமார் குழுவினர் அதிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளை, அதாவது எடை மாறுபட்ட கார்பன் அணுக்களை, வைத்து 20,000 ஆண்டுக் காலநிலையையே படித்து நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள்.

சரி, லேப். துளையிட்டு எடுத்த மண் தூண்களை வைக்க 4 டிகிரி குளிர் அறை, உலர்த்த 105 டிகிரி அடுப்பு, மண்ணில் எவ்வளவு தாவரப் பொருள் என்று எரித்துப் பார்க்க 550 டிகிரி உலை, துகள் அளவு பார்க்க லேசர் கருவி, இவ்வளவும் பெரும்பாலும் இருக்கும். மண்ணிலிருந்து மகரந்தம் பிரிக்கிற அறைக்கு மட்டும் பயிற்சி முடிக்காமல் விடமாட்டார்கள், அங்கே ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம், தோலில் பட்டால் எலும்பு வரை போகும்.

நான் பட்டது உலையில். 24 பீங்கான் கிண்ணங்களில் மார்க்கரால் எண் எழுதி உள்ளே வைத்தேன், காலையில் திறந்தால் ஒன்றில்கூட எழுத்தில்லை, மை எரிந்துபோயிருந்தது, எது எந்த ஆழத்து மண் என்றே தெரியவில்லை. பக்கத்து அறையில் டெக்னீஷியன் இருந்தார். இதைப் போய்க் கேட்பதா என்று கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டதுதான் தப்பு. பிறகு போய்க் கேட்டபோது, தட்டில் எந்த இடத்தில் எந்தக் கிண்ணம் என்று நோட்டில் படம் வரைந்துகொள் என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லித்தந்தார். நம் ஊர் லேப் அட்டெண்டர் மாதிரி நினைத்துவிடாதீர்கள், அந்தக் கருவிகளைப் பற்றி பேராசிரியர்களே அவரிடம்தான் கேட்கிறார்கள். பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிட நமக்கு நாக்கு வராது, ஆனால் 'சார்' என்றால் அவர்தான் சங்கடப்படுவார், பேரையே சொல்லுங்கள்.

வந்த முதல் வாரமே பாதுகாப்புப் பயிற்சிக்குப் பேர் கொடுத்துவிடுங்கள். லேசர் கருவிக்கு ஜூன், ஜூலையில் எல்லோரும் ஒன்றாக வந்து நிற்பார்கள், உங்கள் நாட்களை ஈஸ்டருக்கு முன்பே எழுதி வையுங்கள்.